குழல் சூடானால் குறி எங்கே?



துப்பாக்கி பற்றிய கருத்தரங்கைச் சிதம்பரத்தில் ஏன் நடத்துகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். பக்கத்தில் கடலூர் இருக்கிறதே! 1690இல் அங்குள்ள தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள். நில அளவைக்குப் பீரங்கியைப் பிடித்த ஊர் அது.

அந்தக் கோட்டையில்தான் 1751 ஜூலை 29 அன்று பெஞ்சமின் ராபின்ஸ் இறந்தார். கோட்டைகளைச் சீரமைக்கக் கம்பெனி அனுப்பிய பொறியாளர் அவர். எறிபொருளியலுக்கு அடித்தளம் போட்டவரும் அவரே. தொங்கவிட்ட கனமான பலகையில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் வெளிவந்த அவருடைய நூலைக் கணிதமேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். உள்ளே புரி வெட்டிய குழலின் மேன்மையை 1747லேயே எடுத்துச் சொன்னவரும் ராபின்ஸ்தான். என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய இன்னொரு சோதனை. குழலின் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். இடப்பக்கமாகக் கிளம்பிய குண்டு, போகப் போக வலப்பக்கம் திரும்பியது. குழலில் தொட்டு உருண்டதால் ஏற்பட்ட சுழற்சிதான் காரணம்.

அவர் கையால் வளைத்த குழலை இன்று சுடும்போது ஏறும் வெப்பம் வளைக்கிறது. ஒரே சீராகச் சூடேறினால் பெரிய தொல்லையில்லை. 60 சென்டிமீட்டர் எஃகுக் குழல் 100 டிகிரி கூடினால் முக்கால் மில்லிமீட்டருக்குள்தான் நீளும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சூடேறும்போதுதான் வில்லங்கம். 2 சென்டிமீட்டர் வெளிவிட்டமுள்ள அதே குழலில் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் போதும்; முனையின் திசை மாறி, 300 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் தள்ளி விழும். அந்தத் தூரத்துப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர்! சுவர் தடிமன் சீராக இல்லாத குழல், செய்யும்போதே உலோகத்தில் இறுக்கம் தங்கிவிட்ட குழல், ஒரு பக்கம் கட்டையை உரசும் குழல் எல்லாமே இப்படித்தான் போக்குக் காட்டும். போதாக்குறைக்கு, சூடான குழலின் தோட்டா அறையில் கிடக்கும் தோட்டாவின் மருந்து வேகமாக எரியும்; குழலுக்கு மேலே எழும் அனல் காற்றில் இலக்கு நெளியும்.

கனமான குழல் வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். அது மெதுவாகச் சூடேறும், சரி. ஆறுவதற்கும் அதிக நேரம் பிடிக்குமே!

ஆகவே, குண்டு குறியில் விழும்படி சைட்டைச் சரிசெய்யும் ஜீரோயிங் என்பது ஒரு வெப்பநிலையோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்பது என் கட்சி. பத்து ரவுண்டு தொடர்ந்து சுட்டு, சூடான குழலில் சைட்டைத் திருகிவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த குழலில் முதல் குண்டு விலகியதும் தோட்டாவைத் திட்டுவதில் நியாயமில்லை. வேட்டையானாலும் காவல் பணியானாலும் அந்த முதல் குண்டுதான் கணக்கு.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் குண்டுகள் எங்கே விழுந்தன என்பதோடு, ஒவ்வொரு குண்டின்போதும் குழல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள். குளிர்ந்த குழலின் முதல் குண்டைச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள்; தனியாகக் காட்டுங்கள்.