நீதிபதி கேட்ட வாய்தா



மதுரையில் இரண்டு பெண்கள். ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். மகளைக் காணவில்லை என்று பெற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். பின்னாலேயே போலீஸ் வந்தது. உயர் நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் கேட்டது சொத்தல்ல, கல்யாணப் பதிவல்ல. தங்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்றுதான் கேட்டார்கள்.

2021. வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வருகிறது. பாதுகாப்புக் கொடுங்கள் என்று நாலு வரி எழுதி முடித்திருக்கலாம். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே பிடுங்கிவிட்டதே!

இவர் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் எனக்கே சரியாகப் புரியவில்லை, ஓர் உளவியலாளரிடம் போய்த் தெரிந்துகொள்கிறேன் என்றார். தனி அறையில் சொல்லவில்லை ஐயா, உத்தரவிலேயே எழுதினார்! எனக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தாருங்கள் என்று உளவியலாளரைக் கேட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் வாய்தா கொடுக்கிறவர் தனக்கொரு வாய்தா கேட்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் யாரிடம் ஆலோசனைக்கு அனுப்பினாரோ, அவரிடமே தானும் போய் உட்கார்ந்தார்.

ஜூன் 7ஆம் தேதி உத்தரவு வந்தது. வயது வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்திருந்தால், காணவில்லை என்ற புகாரை விசாரித்து முடித்துவிட வேண்டும். ஒருவரின் பாலின ஈர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்க்கக் கூடாது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அந்த வைத்தியத்தைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று. இந்தப் பெண்களைப் போன்றவர்களை எந்தச் சொல்லால் மரியாதையாகக் குறிப்பிடுவது என்று ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்றது நீதிமன்றம். 2022இல் தமிழக அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. சொல்லுக்கு எதற்கு அரசிதழ் என்று கேட்பீர்கள்.

என்னோடு எட்டாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். மெல்ல நடப்பான், மெல்லப் பேசுவான். நாங்கள் அவனுக்கு ஒரு பெயர் வைத்தோம். அதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். நானும் சொல்லிச் சிரித்தவன்தான். அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. நேற்று இந்தப் பேச்சுக்குக் குறிப்பெடுக்கும்போது அவனுடைய சொந்தப் பெயரை யோசித்தேன். பட்டப்பெயர் உடனே வந்தது. அவன் பெயர், இதோ இப்போது வரைக்கும் வரவில்லை.