யாரிடம் சொல்வது?

(பரிசளிப்பு விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"பொதுச் சொத்தைப் போற்றுவோம்" என்ற தலைப்பில் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். கேட்டதும் எளிதாகத்தான் தோன்றியது. சுவரில் கிறுக்காதீர்கள், நாற்காலியை உடைக்காதீர்கள் என்று பத்து நிமிடம் புத்தி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் போன மாதம் நாலாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்கே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டான். அதை உங்களிடம் மறைத்துவிட்டு நான் புத்தி சொல்ல வந்தால், அது நேர்மையாகாது.

நம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் கை கழுவும் பைப்பு ஒன்று இருக்கிறது. ஒருநாள் ஓய்வு நேரம் முடிந்து நான் அந்தப் பக்கம் போனபோது, தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அந்தப் பையன் நின்றிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, உங்க வீட்டுப் பைப்பா இருந்தா இப்படித் திறந்து போட்டுட்டுப் போவியா?" என்று அதட்டினேன்.

அவன் பயந்துகொண்டே சொன்னான்: "நான் மூடித்தான் பார்த்தேன் சார். மூட மாட்டேங்குது. வீட்டுப் பைப்பா இருந்தா அப்பாகிட்ட சொல்வேன். இது பள்ளிக்கூடத்துப் பைப்பு. யார்கிட்ட சார் சொல்றது?"

நான் போய்த் திருகிப் பார்த்தேன். பையன் சொன்னது உண்மை. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. விசாரித்தால் இரண்டு வாரமாக அப்படித்தான் ஒழுகுகிறதாம். அந்த இரண்டு வாரமும் நானும் அந்த வழியாகத்தான் நடந்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் என் காதிலும் விழுந்திருக்கிறது. "யாராவது பார்ப்பார்கள்" என்று போய்விட்டேன். மறுநாள் மகனை விட வந்த ஒரு தகப்பனார், சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மாட்டி, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். இரண்டு வாரத் தண்ணீர் விரயத்துக்கு மருந்து ஐந்து நிமிடம்! குறை பிள்ளைகளிடம் இல்லை, அன்பர்களே. யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாதபடி வைத்திருந்தோமே, அது நம் குறை.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். எட்டு வீட்டுக்கு ஒரு பைப்பு. விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பிடிப்பார்கள், கைக்குழந்தைக்காரர்கள் அடுத்து, மற்றவர்கள் பிறகு. இதை எந்தக் கிராணியும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். கோடி வீட்டுப் பாட்டி ஒருவர் சனிக்கிழமைதோறும் தேங்காய் மட்டையால் பைப்படிச் சிமெண்டுத் தரையைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிவிடுவார். அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் செய்கிறார் என்பதையே நாங்கள் யாரும் கவனித்ததில்லை. தரை சுத்தமாக இருப்பது தரையின் குணம் என்று நினைத்துக்கொண்டோம்!

பாட்டி இறந்தார். எட்டு வீடும் கூடி நல்லபடி அடக்கம் செய்தோம், காரியம் செய்தோம். ஆனால் பைப்படியை நினைக்கவில்லை. சில வாரத்தில் பாசி பிடித்தது. நான் அப்போது ஆறாம் ஆண்டு மாணவன். கால் வழுக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துப் போவது எங்களுக்கு விளையாட்டு. ஒருநாள் இருட்டோடு தண்ணீர் எடுக்கப் போன என் தாயார் அங்கேதான் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பால்மரம் வெட்டுகிற கை, ஐயா அது! ஆறு வாரம் அவரால் கத்தி பிடிக்க முடியவில்லை. அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் எட்டு வீடும் முறை வைத்துக் கழுவின. ஒரு பாட்டி சத்தமில்லாமல் செய்துவந்ததன் விலை, அவர் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

பெற்றோர்களே! பொதுப் பொருளின் தன்மையே இதுதான். இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பழுதானால்தான் தெரியும். "எல்லாருடையதும்" என்று நாம் சொல்லும் பொருள், கவனிக்காமல் விட்டால் "யாருடையதும் இல்லை" என்று ஆகிவிடும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களும் அதற்கு வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? எத்தனை பேரால் அந்த நூல்களைப் படித்திருக்க முடியும்? ஆனாலும் கொடுத்தார்கள். நம்முடையது என்று நினைத்ததால் கொடுத்தார்கள்.

அடுத்து, தோட்டத் துண்டாடல் காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். வேலையும் வீடும் போன நம் மக்கள் தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலாவதாக வாங்கியது. தனியாக ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாதவர்கள், சேர்ந்து ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது வெறும் பழமொழி இல்லை.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆயாக் கொட்டகை ஓரத்திலும் கோயில் மண்டபத்திலும் கூடப் பள்ளி நடந்தது. 1957ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேல். மூடப்பட்டவையும் உண்டு, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவையும் உண்டு. தோட்டம் கைமாறும்போது அவரவர் வீட்டுக்காக அவரவர் பேசுகிறோம். கோயிலுக்கும், திடலுக்கும், இடுகாட்டுக்கும், பள்ளிக்கும் யார் பேசுவது? அந்த நிலத்து கிராண்டு நம் கையில் இல்லை. நாம் அதைப் புழங்குகிறோம், பராமரிக்கிறோம், பிள்ளைகளை அனுப்புகிறோம் என்பதுதான் நம் கையிலிருக்கும் ஒரே சாட்சி.

"இதையெல்லாம் அரசாங்கம் பார்க்கக் கூடாதா, வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசாங்கமும் நிர்வாகமும் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். நாமும் விடாமல் கேட்போம். ஆனால் ஒரு வாஷருக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் எத்தனை வாளித் தண்ணீர் போகும்? கோத்தோங் ரோயோங் என்று கூப்பிட்டால் வருகிற எட்டுப் பேரே எப்போதும் வருகிறார்கள். மற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. ஓவர்டைம், இரவு வேலை, உடம்பு அலுப்பு எல்லாம் எனக்குத் தெரியும், என் தாயார் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் நாள் முழுக்கக் கேட்கவில்லை. மாதம் ஒரு மணி நேரம் கொடுங்கள். கொத்து வேலை தெரிந்தவர், ஒயரிங் தெரிந்தவர், தையல் தெரிந்தவர் என்று இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெயரை மட்டும் இன்றே எழுதிக் கொடுங்கள். வீட்டில் பிள்ளைகள் எதிரில் "பள்ளிக்கூடத்துதானே, போனாப் போகுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பையனின் கேள்விக்குப் பதிலாக, அலுவலக வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எது பழுதானாலும் எந்தப் பிள்ளையும் அதில் எழுதலாம். அந்த வாரம் பார்க்க வேண்டிய ஆசிரியர் பெயரும் ஒரு பெற்றோர் பெயரும் மேலே எழுதியிருக்கும். முதல் வாரம் என் பெயர்.

முதல் நாளே ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை."

அதைப் படித்தபோது எனக்குத் தலை குனிந்தது. அன்று மாலைக்குள் தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஆனால் எத்தனை மாதமாக அந்தப் பிள்ளைகள் தாகத்தோடு பாடம் படித்தார்களோ!

இன்று பரிசு வாங்கப் போகும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காத செல்வங்களே, உங்களுக்கும் வாழ்த்துகள். உங்கள் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன்: இந்தப் பள்ளியில் எது உடைந்தாலும் சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.