செக் எஞ்சின் லைட்: அழிக்கிறதுக்கு முன்னாடி படிங்க

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் விடிகாலை அப்பாவும் அம்மாவும் காரில் மதுரை கிளம்பணும். பார்த்தா, டேஷ்போர்டில் மஞ்சளா செக் எஞ்சின் லைட். "பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினா போயிடும்டா"ன்னார் அப்பா. போகும்தான். ஆனா அது எர்ரர் லாகை டெலீட் பண்ணிட்டு, பக் சரியாயிடுச்சுன்னு சொல்ற மாதிரி.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, இக்னிஷனை ஆன் பண்ணி, போனில் பார்த்தேன்: பி0301. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். காரணம் ஸ்பார்க் ப்ளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? அதை கோட் சொல்லாது.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கோட் விழுந்தப்போ ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவுங்கிற ஃப்ரீஸ் ஃபிரேம் விவரமும், கோடை அழிச்சா கூடவே போயிடும்.

இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். எஞ்சின் ஆறினதும் முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாத்தி, கோடை அழிச்சு, தெருவில் மெதுவா ஒரு ரவுண்டு போனோம். இப்போ பி0302! கோளாறு காயிலோடயே நகர்ந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள புது காயில் ஒண்ணு வாங்கி மாட்டினோம். அதுக்கப்புறம்தான் கோடை அழிச்சேன். திரும்ப வரலை.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. லைட் விட்டு விட்டு மின்னினா வண்டியை ஓரமா நிறுத்திடுங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, அதையும் கெடுத்துடும். காயில் செலவு எங்கே, கன்வர்ட்டர் செலவு எங்கே!