வழியில் நின்ற வண்டிகள்



ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பது நம் பழமொழி. அதுபோலவே, பாரம் சுமப்பதற்கென்று செய்யப்பட்ட லாரியும் ஒரு நாள் தானே பாரமாகி, வேறொரு வண்டியின் பின்னே சங்கிலியில் கட்டுண்டு செல்லும். அக்காட்சியைச் சாலையில் கண்டு, 'பாவம், பழைய வண்டி' என்று நீங்கள் இரங்கியிருப்பீர்கள். சிலர் நகைத்தும் இருப்பீர்கள். அவ்வாறு வழியில் நின்று, இழுக்கப்பட்டு, பழுது நீங்கி, மீண்டும் புறப்பட்ட லாரிகளின் வரலாறு ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1919ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலிருந்து இராணுவ மோட்டார் வண்டிகளின் அணி ஒன்று மேற்கு நோக்கிப் புறப்பட்டது. முதல் உலகப் போர் ஓய்ந்து ஓராண்டு கூட நிறையவில்லை. இரயிலின் துணையின்றி, மோட்டார் வண்டிகளைக் கொண்டே ஒரு படை கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்ல முடியுமா? அதைச் சோதித்துப் பார்ப்பதே பயணத்தின் நோக்கம். 81 வண்டிகள், ஏறத்தாழ 280 அதிகாரிகளும் வீரர்களும். அவர்களோடு பார்வையாளராகச் சென்றவர்களுள் 28 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் டுவைட் ஐஸன்ஹோவர்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? சாலை மிக நன்றாக இருந்தது. வானமும் தெளிவாக இருந்தது. ஆயினும் ஊர் எல்லை கடந்து நெடுந்தூரம் செல்வதற்குள் சமையல் வண்டியின் இணைப்பு முறிந்தது. மற்றொரு வண்டியின் விசிறிப் பட்டை அறுந்தது. லாரி ஒன்றில் மாக்னெட்டோவின் இணைப்பு உடைந்தது. அந்த லாரியை வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு முகாம் சேர்த்தது. ஏழேகால் மணி நேரத்தில் அவர்கள் கடந்த தூரம் 46 மைல், அதாவது 74 கிலோமீட்டர்தான்.

மாக்னெட்டோ என்பது யாது? எஞ்சினுள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்போது அதனைப் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். காந்தத்தின் துணையால் அப்பொறியைத் தோற்றுவிக்கும் கருவியே மாக்னெட்டோ. எஞ்சின் சுழல்வதால் அது சுழலும்; இரண்டையும் பிணைப்பது ஒரு சிறிய இணைப்பு. அச்சிறு துண்டு உடைந்தால் மாக்னெட்டோ சுழலாது, பொறி பிறவாது. பெட்ரோல் நிறைந்திருக்கலாம், சக்கரங்கள் உறுதியாக இருக்கலாம், என்ன பயன்? தேருக்கு அச்சாணி எப்படியோ, எஞ்சினுக்கு அத்துண்டு அப்படி.

பயணத்தை வகுத்தவர்கள் பழுது வரும் என்பதை முன்னரே அறிந்திருந்தார்கள். ஆகவே பட்டறைகளையே சக்கரங்களின் மேல் ஏற்றி உடன் கொண்டு சென்றார்கள். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லுலை வண்டி, இயந்திரப் பட்டறை வண்டிகள், மாற்று உறுப்புகள் நிறைந்த வண்டிகள் ஆகியவை அணியில் இருந்தன. 'லிபர்ட்டி' எனப்பட்ட இராணுவ லாரிகள் பலவும் உடன் சென்றன. போரின்போது பல தொழிற்சாலைகள் ஒரே வரைபடத்தைப் பின்பற்றி அவற்றைச் செய்தன. ஆதலால் ஒரு தொழிற்சாலையில் செய்த உறுப்பு மற்றொரு தொழிற்சாலையின் லாரிக்கும் பொருந்தியது. பழுது பார்ப்பவனை மனத்திற் கொண்டு வண்டியைச் சமைத்தவனே நல்ல பொறியாளன் என்பதற்கு இது தக்க சான்று.

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நல்ல சாலைகள் அருகின. எஞ்சியவை பெரும்பாலும் புழுதியும் சேறும் மணலுமே. மரப் பாலங்கள் லாரிகளின் பாரம் தாங்காமல் ஒடிந்தன. வீரர்கள் அவற்றைச் செப்பனிட்டுவிட்டு மேலே சென்றார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் புதைமணல் நிறைந்த இடம் ஒன்று குறுக்கிட்டது. அதன் நீளம் 200 கெஜம்தான். அதைக் கடக்க அவர்களுக்கு 7 மணி 20 நிமிடங்கள் ஆயின!

அத்தகைய இடங்களில் கைகொடுத்தது 'மிலிடர்' என்னும் இழுவை வண்டி. பீரங்கிகளை இழுப்பதற்காக அமைக்கப்பட்டது அது. அதன் நான்கு சக்கரங்களும் எஞ்சினின் ஆற்றலைப் பெற்றுச் சுழல்பவை. வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளையும் அதில் உண்டு. புதைந்த லாரிகளை ஒவ்வொன்றாக அது கரையேற்றியது.

ஆனால் இழுப்பதற்கு வலிமை மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். சங்கிலியைத் தொய்ய விட்டுச் சட்டென்று இழுத்தால் சங்கிலி அறும். அருகில் நிற்பவன் உயிருக்கும் ஆபத்து. முதலில் தொய்வை மெல்ல நீக்கி, பின்னர் ஒரே சீராக இழுத்தல் வேண்டும். வண்டியின் உறுதியான சட்டத்திலே சங்கிலியைப் பிணைக்க வேண்டும். கண்ட இடத்தில் கட்டினால் வண்டி வாராது, கட்டிய உறுப்பே கழன்று வரும். இழுக்கப்படும் வண்டியிலும் ஒருவன் அமர்ந்து திசையையும் தடையையும் கவனித்தல் வேண்டும்.

இத்தொழிலுக்கென்று தனிக் கருவி தோன்றியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். 1916ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் மோட்டார் பட்டறை நடத்தி வந்தார். ஓடையில் வீழ்ந்த கார் ஒன்றைக் கயிறுகளும் கப்பிகளும் கொண்டு மேலேற்ற அவரும் உடனிருந்தோரும் பல மணி நேரம் பாடுபட்டார்கள். அந்தத் துன்பமே அவரைச் சிந்திக்க வைத்தது. பழைய காடில்லாக் கார் ஒன்றின்மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தி மீட்பு வண்டி ஒன்றை ஆக்கினார். அதன் வழித்தோன்றல்களை இன்று உலகெங்கும் காண்கிறோம். இத்தொழிலுக்கென அந்நகரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

மீண்டும் நம் பயணத்துக்கு வருவோம். யூட்டா மாநிலத்து உப்புப் பாலைவனத்தில் மேற்பரப்பு உடைந்து லாரிகள் அமிழ்ந்தன. வீரர்கள் தங்கள் தோள்வலியால் அவற்றை இழுத்தார்கள். தண்ணீர் அருகியது, இரவு உணவுக்கும் மறுநாட் காலைவரைக்குமாக ஆளுக்கு ஒரு குவளை என்று அளந்து கொடுக்கும் நிலை வந்தது. திரும்பிவிடலாம் என்று எண்ணுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா? ஆயினும் அவர்கள் திரும்பவில்லை.

62 நாட்கள் சென்றன. 3,251 மைல், அதாவது 5,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் கடந்து, செப்டம்பர் 6ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்கள். வழியில் நின்றதும், புதைந்ததும், பழுதுற்றதும், விபத்துக்குள்ளானதுமாக 230 நிகழ்ச்சிகள் பதிவாயின. ஆனால் அவற்றால் பயணத்தைக் கைவிட்ட வண்டிகள் எத்தனை? ஒன்பதே! நண்பர்களே, இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் பழுது பார்ப்போரின் உழைப்பு.

பார்வையாளராகச் சென்ற ஐஸன்ஹோவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். 1956ஆம் ஆண்டில், மாநிலங்களை இணைக்கும் பெரு நெடுஞ்சாலைகளை அமைக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஜெர்மனியில் தாம் கண்ட அகன்ற சாலைகளோடு, 1919ஆம் ஆண்டுப் பயணமும் தம் எண்ணத்தைத் தூண்டியதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் பெயரை உலகம் அறியும். நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு லாரியின் அடியில் படுத்து உடைந்த உறுப்பைக் கழற்றியவனின் பெயரை யார் அறிவார்? அவன் இல்லையேல் அந்தப் பயணமே இல்லை.

அந்தத் தடத்தில் 2009ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் பழைய இராணுவ வண்டிகளைப் பேணுவோர் மீண்டும் பயணம் செய்தார்கள். பழைய லாரி ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பது எளிதன்று. தேய்ந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது. கடைசல் இயந்திரத்தில் புதிதாகக் கடைந்துதான் பொருத்த வேண்டும். அதற்குப் பொறுமையும் வேண்டும், கைத்திறனும் வேண்டும், அவ்வண்டியை முதலில் சமைத்தவனின் கருத்தை உணரும் அறிவும் வேண்டும்.

கற்றவர் கையில் எண்ணெய்க் கறை படியலாகாது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவ்வெண்ணம் உங்களுக்கு வேண்டா. அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றிருக்கவும், அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருக்கவும் கண்டால், நகைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். சற்று நின்று, 'அண்ணே, என்ன பழுது?' என்று கேளுங்கள். உங்கள் பாடநூலில் படித்த காந்தமும் மின்பொறியும் கப்பியும் அங்கே வேலை செய்வதை அவர் உங்களுக்குக் காட்டுவார்.