ஒலி எழுப்பாத கை



நம் சேரிகளில் மேளம் அடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சாவுக்கும் சாமிக்கும் அந்தக் கைகளைக் கூப்பிடுவார்கள். ஆனால் 'தொடங்கு', 'நிறுத்து' என்று சொல்லும் கை எப்போதும் வேறொருவருடையதாகவே இருந்தது. அந்த இரண்டாவது கையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கண்டக்டர் என்றால் நமக்கு ராஜபாளையம் பஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது சிம்பொனி இசைக்குழுவின் கண்டக்டரை. அவர் எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. கையில் சிறு கோல். எதிரே எல்லா வாத்தியங்களுக்குமான குறிப்புகள் எழுதிய தாள். அவர் கை அசைந்தால் எண்பது, நூறு பேர் வாசிப்பார்கள். அதாவது, அது அதிகாரத்தின் இடம்.

நியூயார்க்கில் 1915இல் பிறந்த கறுப்பர் டீன் டிக்சன், 1941இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தினார். அதன்பிறகும் சொந்த நாட்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1949இல் ஐரோப்பா போனார். ஸ்வீடனின் கோத்தன்பர்க், ஆஸ்திரேலியாவின் சிட்னி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் குழுக்கள் அவரைத் தலைமைக்கு அழைத்தன. 21 ஆண்டுகள் கழித்து, 1970இல்தான் அமெரிக்க மேடைக்குத் திரும்பினார். தன்னை முதலில் 'கறுப்பின அமெரிக்க கண்டக்டர்' என்றும், பிறகு 'அமெரிக்க கண்டக்டர்' என்றும், கடைசியில் 'கண்டக்டர்' என்று மட்டும் அழைத்தார்கள் என அவர் சொன்னதாகக் கூறுவார்கள்.

நம் பண்ணைப்புரத்து இளையராஜாவும் சாதிப் பெயரால் அறியப்பட விரும்பியதில்லை. நம்மில் சிலர் அதைக் குறையாகச் சொல்கிறோம். டிக்சனுக்குக் கடைசியில் கிடைத்ததை இவர் முதல் நாளே கேட்டார் என்றே நான் பார்க்கிறேன்.

அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். அந்த எழுத்துதான் திருப்பம். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின்காரர்கள் அவர் எழுதிய தாளைப் பார்த்து, அவர் கையசைவுக்கு வாசித்தார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. கோல் பிடித்தவர் மிக்கேல் டாம்ஸ். அந்தக் கோல் போன வழி பண்ணைப்புரத்தார் எழுதியது.

அதற்கு மூன்று மாதம் முன்பு, பக்கத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்திலிருந்து அவரை வெளியேறச் சொன்னதாகச் செய்தி பரவியது. அங்கே அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதிகள் தவிர யாருக்கும் அனுமதியில்லை என்றது நிர்வாகம். சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, அது பொய்ச்செய்தி என்றார் அவர். அவர் சொல்லை ஏற்போம். ஆனாலும் கேட்டவுடன் நாம் ஏன் நம்பினோம்? அந்தப் படியில் நாம் நின்றிருக்கிறோம்.

மேதை என்று அவரைக் கொண்டாடினால் மட்டும் போதாது. நம் பிள்ளைகளுக்குக் காதிலும் கையிலும் இசை இருக்கிறது, தாளில் இல்லை. பறை அடிக்கும் பிள்ளைக்கும், பேண்டு செட்டில் ஊதும் பிள்ளைக்கும் இசைக்குறிப்பு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்போம். நமது இரவுப் பாடசாலைகளிலேயே அதைத் தொடங்கலாம். எழுதத் தெரிந்தவன் கைதான் அடுத்தவர் கையை நடத்தும்.

ஜெய்பீம்.