மகப்பேற்றுக்குப் பின்னும் தொடர வேண்டிய பரிசோதனை

மகப்பேற்று மரணம் மிகக் குறைவாக உள்ள இந்திய மாநிலங்களுள் ஒன்று கேரளம். 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 19 தாய்மார் என்ற அளவில் அங்கு மரணம் நேர்ந்தது. அகில இந்திய அளவு அப்போது 97. பிரசவங்களில் 99 சதவிகிதத்திற்கும் மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. திருவனந்தபுரத்தில் கூடியுள்ள மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் இச்செய்தி புதிதன்று. ஆனால் இதே மாநிலத்தைப் பற்றிய மற்றொரு புள்ளி விவரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள கேரளப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 3.5 சதவிகிதத்தினர் மட்டுமே.

இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இன்றைய உரையின் பொருள்.

கருவுற்ற பெண்ணைத் தேடிப் பரிசோதனைகள் வந்து சேருகின்றன. இரத்தச் சோகை, இரத்த வகை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், எச்.ஐ.வி., சிபிலிஸ், தைராய்டு, நுண்ணொலிப் படம் எனப் பட்டியல் நீளுகிறது. நீரிழிவைக் கண்டறிய, வெறும் வயிறாயினும் உணவு உண்டிருப்பினும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டுகிறதா எனப் பார்க்கும் எளிய முறை நம் நாட்டிலேயே உருவாயிற்று. சென்னையின் டாக்டர் வி. சேஷையா இதன் பொருட்டு நெடுங்காலம் உழைத்தார். குழந்தை பிறந்து தடுப்பூசி அட்டவணையும் முடிந்தவுடன், தாயின் பெயர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. அவள் உடல்நலம் குழந்தையின் பொருட்டே கவனிக்கப்பட்டது போன்ற தோற்றம் இதனால் ஏற்படுகிறது என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். எனினும் அதை மறுப்பது எளிதன்று.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சிறீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. முன்னது தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரியது. பின்னது 1981இல் தொடங்கப்பட்டது. ஒன்றில் பிள்ளை பெற்றுச் சென்ற பெண், இருபது ஆண்டுகள் கழித்து முற்றிய நோயுடன் மற்றொன்றின் வாயிலுக்கு வர நேருமாயின், இடைப்பட்ட காலத்தில் அவளை அழைத்து ஒருமுறை சோதித்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இக்கேள்வி கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மிகவும் பொருந்தும். இந்நோய் ஓரிரு மாதங்களில் தோன்றுவதன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸின் சில வகைகள், குறிப்பாக 16, 18 ஆகிய இரண்டும், உடலில் நீண்ட காலம் தங்கிவிடும்போது கருப்பை வாயின் உயிரணுக்கள் மெல்ல மாறுகின்றன. அம்மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவ்வளவு நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவ்வாறிருந்தும், 2022ஆம் ஆண்டிற்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 80,000 பேர் மாண்டனர்.

மேலை நாடுகள் இந்நோயைக் கட்டுப்படுத்தியது பாப்பனிகோலாவ் வகுத்த உயிரணுப் பரிசோதனையால். அதற்குச் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளும், நுண்ணோக்கியில் பழகிய கண்களும், முடிவைத் தெரிவிக்க மீண்டும் ஒருமுறை பெண்ணை அழைக்கும் ஏற்பாடும் வேண்டும். ஒரு மாவட்ட மருத்துவமனையில்கூட இம்மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. எனவே எளிய வழி ஒன்று தேடப்பட்டது. மூன்று முதல் ஐந்து சதவிகித அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறைக் காடியை ஒத்த கரைசலை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதலடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். வெறுங்கண்ணும் நல்ல விளக்கொளியும் போதும்.

இந்த முறையை உயிரணுப் பரிசோதனையுடன் ஒப்பிட்டுப் பார்த்த முக்கிய ஆய்வுகளுள் ஒன்று திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சுமார் 3,000 பெண்களிடம் நடத்தப்பட்டது, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 1998இல் அதன் முடிவை வெளியிட்டனர். நோய்க்கு முந்தைய நிலைகளைக் கண்டுபிடிப்பதில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. மருத்துவர்கள் அல்லாத தொழில்நுட்பப் பணியாளர்களே வெறுங்கண் பரிசோதனையைச் செய்தனர் என்பது நிர்வாகிகள் கருத வேண்டிய செய்தி.

ஒரு பரிசோதனை நோயைக் காண்கிறது என்பது வேறு. அது மரணத்தைக் குறைக்கிறது என்பது வேறு. இரண்டாவதை மெய்ப்பிக்கும் பணி அண்டை மாநிலமான தமிழகத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்டது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் வாழும் ஊர்த் தொகுதிகள் 114, இரு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. பரிசோதனைப் பிரிவில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். பயிற்சி பெற்ற செவிலியரே சோதித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவில் நோய் ஏற்படுவது 25 சதவிகிதமும், இந்நோயால் மாள்வது 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

இவ்வெற்றியைக் காட்டிலும் ஆய்வின் மற்றொரு பகுதி அலுவலர்களுக்குப் பாடமாகும். சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஐயத்திற்குரிய முடிவு வந்தது. அவர்களில் அநேகமாக எல்லோருமே கால்போஸ்கோப் மூலம் மேலும் சோதிக்கப்பட்டனர். தேடல் பரிசோதனை ஐயத்தை மட்டுமே எழுப்பும். நோயை உறுதி செய்வது கால்போஸ்கோப்பும் திசுத் துணுக்கை எடுத்து ஆராய்வதுமே. இந்த வேறுபாடு கிராமத்திற்கு விளக்கிச் சொல்லப்படாவிடின், வெண்மை தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் புற்றுநோய் என்று அஞ்சி வீடு திரும்புவாள். நோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவிகிதத்தினர். தேர்ந்த ஆய்வாளர்களின் நேரடிக் கண்காணிப்பில், சிகிச்சையையும் உடனுக்குடன் தர முயன்ற ஓர் ஆய்விலேயே நூற்றுக்கு 28 பேர் நழுவிவிட்டனர். வலியில்லை, இரத்தப் போக்கில்லை; நாள் கூலியை இழந்து எதற்காக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று ஒரு பெண் எண்ணுவதில் வியப்பொன்றும் இல்லை. சாதாரண அரசுத் திட்டத்தில் அவ்வெண் எவ்வளவாக உயரும் என்பதை ஒவ்வொரு மாவட்ட அலுவலரும் தமது பதிவேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்) மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததால் எட்டு ஆண்டுகளில் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உயிரணுப் பரிசோதனையாலும் வெறுங்கண் பரிசோதனையாலும் அங்கு குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. இவ்வகை ஆய்வுகளில் ஒரு பிரிவினரைப் பரிசோதிக்காமலேயே விட்டுக் கண்காணித்தது அறமா என்ற விவாதமும் பின்னர் எழுந்தது. அது நியாயமான கேள்வியே.

வெறுங்கண் பரிசோதனைக்கு வரம்புகள் உண்டு. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறும். ஐம்பதைக் கடந்த பெண்களிடம் சோதிக்க வேண்டிய எல்லைக்கோடு உட்புறமாகச் சென்றுவிடுவதால் அது கண்ணுக்குப் புலப்படாது. இவற்றை முன்னிட்டே உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைரஸ் பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் விலகி நிற்போருக்கு இது பெரும் வசதி. ஆயினும் மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வெறுங்கண் பரிசோதனையையே விதித்தது. விலையையும் கருவியையும் கருதினால் அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை.

திருவனந்தபுரத்தில் இந்நோய் ஏற்கெனவே குறைந்து வருகிறதே, மார்பகப் புற்றுநோயன்றோ பெருகுகிறது என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். கல்வி, குறைந்த எண்ணிக்கையிலான பேறுகள், தூய்மை வசதிகள் ஆகியவை அக்குறைவுக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால் சராசரி குறையும்போது எஞ்சும் நோய் எங்கே தங்குகிறது? கடலோரத்து மீனவக் குடியிருப்புகளும், மலைப்பகுதிப் பழங்குடியினரின் ஊர்களும் நகரத்தின் சராசரிக்குள் அடங்கிவிடுவதில்லை. மேலும், மார்பகப் பரிசோதனையும் இதே செவிலியரால், இதே அறையில், இதே நாளில் நடைபெறக்கூடியதே.

தமிழகம் 2007 முதல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் நடத்தி, பின்னர் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. குடும்ப நல ஆய்வில் தமிழகத்தின் எண் 9.8 சதவிகிதம். அதுவும் பெருமைப்படத் தக்கதன்று. எனினும் அகில இந்திய அளவான 1.9 சதவிகிதத்துடன் ஒப்பிடும்போது அரசு முனைந்தால் நடக்கும் என்பதற்குச் சான்றாகிறது. கேரள அரசும் 2025 பிப்ரவரி 4ஆம் நாள் புற்றுநோய்க்கு எதிரான மக்கள் இயக்கத்தைத் தொடங்கி, மார்ச் 8 வரையிலான முதல் கட்டத்தில் பெண்களின் மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனைக்கு முதலிடம் கொடுத்தது.

இயக்கங்களுக்கு முடிவு நாள் உண்டு. பரிசோதனைக்கு அது இல்லை. தாய் சேய் நலப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் எண் வழங்கப்படுகிறது. அவளது வயது, முகவரி, கிராமச் செவிலியரின் பெயர் யாவும் அதில் உள்ளன. அப்பெண் முப்பதை எட்டும் ஆண்டில் அதே பதிவேடு அவளை மீண்டும் அழைக்குமாறு அமைப்பது புதிய செலவு அதிகம் இல்லாத ஏற்பாடு. அழைப்பை ஏற்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதைவிட, ஐயத்திற்குரிய முடிவு வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தனர் என்பதற்கு ஒரு தனிப் பத்தி அப்படிவத்தில் சேர்க்கப்பட வேண்டும். அப்பத்தி வெறுமையாக உள்ள மாதத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் விடுபட்ட பெண்களின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பியாக வேண்டும்.