மலிவான வீடும் நிறைவான வாழ்வும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கிராம வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "கிராமத்தில் செலவு குறைவு, உள்ளதைக் கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்" என்று சொல்லாதவர் இல்லை. இது எவ்வளவு தூரம் உண்மை? செலவு குறைந்த இடத்தில் வாழ்வும் நிறைவாக இருக்கிறதா? இக்கேள்விகளை நம் சொந்த ஊரை வைத்து ஆராயப் புகுந்தால், பற்றும் கோபமும் மாறி மாறிக் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே இன்று நாம் கடல் கடந்து சென்று, அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு கிராமப் பிரதேசத்தைப் பார்ப்போம். பிறர் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது எளிது; அதில் நம் வீட்டுக் கணக்கும் சில சமயம் புலப்படும்.

அமெரிக்க ராஜ்யங்கள் ஐம்பதில் அயோவா ஒன்று. மக்காச்சோளத்திலும் பன்றி வளர்ப்பிலும் அந்நாட்டில் முதலிடம் வகிப்பது. அதனை 99 கவுண்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கவுண்டி என்பது நம் தாலுகா போன்ற பரப்புடையது. மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அதன் நிர்வாகத்தை நடத்துகிறது. அயோவாவின் வடகிழக்கே, மினசோட்டா எல்லையை ஒட்டி ஹோவர்ட் கவுண்டி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் ஜனத்தொகை 9,469. தலைமை ஊராகிய கிரெஸ்கோவில் 3,888 பேர். நம் நாட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்தில் வசிக்கும் மக்களே அங்கே ஒரு கவுண்டி முழுவதும் பரவி வாழ்கிறார்கள்.

எத்தனையோ கவுண்டிகள் இருக்க, இதனை ஏன் தேர்ந்தெடுத்தோம்? நமக்கும் அந்த மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. கோதுமை விளைச்சலைப் பெருக்கி, 1970-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக் இந்தக் கவுண்டியின் பண்ணையொன்றில் வளர்ந்தவர். ஓரறைப் பள்ளியில் தொடங்கிக் கிரெஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அவர் 1963-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமையை நம் நாட்டு நிலங்களுக்கு ஏற்றதாக்கும் பணியில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். 1987-இல் உலக உணவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது சுவாமிநாதனுக்கே கிடைத்தது. அப்பரிசை ஏற்படுத்தப் பாடுபட்டவர் போர்லாக். ஆதலின் ஹோவர்ட் கவுண்டி நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று.

முதலில் வீட்டைப் பார்ப்போம். 2018 முதல் 2022 வரையிலான அரசாங்க மதிப்பீட்டின்படி, உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளின் நடுமதிப்பு அமெரிக்க நாடு முழுவதற்கும் 2,81,900 டாலர். அயோவாவில் அது 1,81,600 டாலர். ஹோவர்ட் போன்ற கிராமக் கவுண்டிகளில் அதனினும் குறைவு. நகரத்தில் வாடகைக்கே சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் இளம் தம்பதிக்கு, இங்கே சொந்த வீடும் தோட்டமும் எட்டக்கூடிய பொருள்கள். தெருவில் நெரிசல் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு அச்சமின்றிப் போய் வரலாம். அண்டை அயலாரின் பெயர் தெரியும். ஜூன் மாதத்தில் கவுண்டிப் பொருட்காட்சி கூடும். சிறுவர் சிறுமியர் தாம் வளர்த்த கன்றையும் பன்றிக்குட்டியையும் கொண்டுவந்து காட்டிப் பரிசு பெறுவார்கள். இவை யாவும் வாழ்க்கைத் தரத்தைச் சேர்ந்தவையே. இவற்றுக்கு விலைச்சீட்டு இல்லை என்பதனால் மதிப்பும் இல்லை என்று கொள்ளலாகாது.

ஆயினும் நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். வீடு ஏன் மலிவாக இருக்கிறது?

1900-ஆம் ஆண்டில் இக்கவுண்டியின் ஜனத்தொகை 14,512. அன்றிலிருந்து இன்றுவரை ஐயாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். 1935-இல் அயோவாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன; 2022-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பில் அவை 86,911. நிலம் சுருங்கவில்லை; உழுபவர் தொகை சுருங்கிற்று. இயந்திரம் வந்தது, நான்கு குடும்பங்கள் செய்த வேலையை ஒரு குடும்பம் செய்தது, எஞ்சியவர் வெளியேறினர். ஆகவே வீட்டின் மலிவில் ஒரு பகுதி, வாங்க ஆள் இல்லாமையால் வந்த மலிவு.

மலிவு சில சமயம் துயரத்தின் அடையாளமாகவும் இருக்கும். 1981-இல் அயோவாவில் ஓர் ஏக்கர் விளைநிலத்தின் சராசரி மதிப்பு 2,147 டாலர். 1986-இல் அது 787 டாலராக வீழ்ந்தது. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு நிலம் மலிந்துவிட்டது என்று தோன்றும். உள்ளே நடந்ததோ வேறு. நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கியிருந்த விவசாயிகள், வட்டி ஏறியதாலும் விளைபொருள் விலை இறங்கியதாலும் கடனைக் கட்ட முடியாமல் பண்ணைகளை ஏலத்தில் இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் பல சிற்றூர்களில் பாங்குகளும் கடைகளும் கதவடைத்தன.

இன்றைய நிலை இதற்கு நேர் எதிரானது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அயோவா விளைநிலத்தின் சராசரி மதிப்பு ஏக்கருக்கு 11,467 டாலர். அயோவாவில் ஒரு பண்ணையின் சராசரி அளவோ 345 ஏக்கர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். முப்பத்தொன்பது லட்சம் டாலருக்கு மேல் வரும். வீடு வாங்க முடிந்த அதே இளைஞனால் நிலம் வாங்க இயலாது. தகப்பன் நிலம் வைத்துவிட்டுப் போயிருந்தாலன்றி, விவசாயம் செய்ய விரும்புகிறவன் குத்தகைக்காரனாகவோ தொழிற்சாலைக் கூலியாகவோதான் ஊரில் தங்க வேண்டும். கூரை மலிவு, அடியிலுள்ள மண் மலிவன்று. இதனை மறந்து, கிராமத்தில் யாவும் மலிவு என்று பேசுவது பாதிக் கணக்கைப் படிப்பதாகும்.

இனி அன்றாடச் செலவைப் பார்ப்போம். அங்கே ஊருக்கு ஊர் பஸ் ஓடுவதில்லை. வேலைக்குப் போகும் கணவனுக்கு ஒரு மோட்டார், மனைவிக்கு ஒரு மோட்டார் என்று இரண்டு வேண்டியிருக்கிறது. வாடகையில் மிச்சமானது பெட்ரோலில் கரைகிறது. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் குளிர் மாதக்கணக்கில் நீடிக்கும். அப்பொழுது வீட்டைச் சூடாக வைப்பது ஆடம்பரம் அன்று, உயிர் காக்கும் செலவு. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் சென்றால் குழந்தையை யார் பார்ப்பது? குழந்தைக் காப்பகம் இல்லாத ஊரில், ஒருவர் வேலையை விட வேண்டும். அல்லது குடும்பமே ஊரை விட வேண்டும். பெரிய வியாதி என்றால், புகழ்பெற்ற மருத்துவமனைகள் உள்ள ராச்செஸ்டர் நகரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பனி கொட்டும் இரவில் அந்தத் தூரம் எத்தகையது என்பதை நோயாளியின் வீட்டாரே அறிவர்.

குடிநீரும் ஒரு பிரச்சினை. வடகிழக்கு அயோவாவின் மண்ணுக்கடியில் வெடிப்பும் துளையும் கொண்ட சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் உப்பு அதன் வழியே எளிதில் நிலத்தடி நீரில் கலந்துவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் நைட்ரஜன் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பொதுக் குழாய் நீரைச் சோதிக்கச் சட்டம் உண்டு. சொந்தக் கிணற்றைச் சோதிக்கும் பொறுப்போ வீட்டுக்காரரைச் சேர்ந்தது. 1987-இல் அயோவா அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கிணற்று நீரைச் சோதிக்கக் கவுண்டிகளுக்கு மானியம் அளிக்க வழி செய்தது. மலிவான வீட்டின் கிணற்றில் கெட்ட நீர் இருந்தால், அந்த வீடு உண்மையில் மலிவா?

இவ்வாறு எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு குடும்பம் தன் பணத்தைக் கொண்டு தனியே வாங்கக்கூடியவை சில. வீடு, உடை, உணவு இவை போன்றவை. ஊரார் யாவரும் சேர்ந்தாலன்றிக் கிடைக்காதவை சில. பள்ளி, மருத்துவமனை, சாலை, நல்ல நீர், ஆம்புலன்ஸ் இவை போன்றவை. முதல் வகை மலிந்தும் இரண்டாம் வகை அழிந்தும் போன இடத்தில் மனிதர் தங்கமாட்டார்கள்.

இரண்டாம் வகையை அம்மக்கள் எவ்விதம் பெற்றார்கள்? மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 1935-இல் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். கம்பி இழுத்தால் லாபம் வராது என்று கம்பெனிகள் ஒதுங்கின. 1936-இல் கிராம மின்சாரச் சட்டம் வந்தது. அரசாங்கம் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே கம்பி இழுத்துக்கொண்டார்கள். கிரெஸ்கோவில் இயங்கிவந்த அத்தகைய சங்கம் 2017-இல் மினசோட்டாவிலுள்ள ஒரு சங்கத்துடன் இணைந்து இன்றும் நடந்து வருகிறது. அதன் உறுப்பினர்களே அதன் சொந்தக்காரர்கள்.

மருத்துவமும் அவ்வாறே. கிரெஸ்கோவில் உள்ள மருத்துவமனை கவுண்டி மக்களின் பொதுச் சொத்து. 1997-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, 25 படுக்கைகளுக்கு மேற்படாத இத்தகைய சிறு கிராம மருத்துவமனைகளுக்கு மத்திய அரசு தனி முறையில் உதவுகிறது. ஆயினும் போராட்டம் தீரவில்லை. 2000-க்குப் பின் அயோவாவில் பல கிராம மருத்துவமனைகள் தங்கள் பிரசவப் பிரிவுகளை மூடின. குழந்தை பிறக்கும் இடம் போய்விட்டால், குழந்தை பெறும் வயதினர் அவ்வூரில் குடியேறத் தயங்குவது இயல்பு.

ஆம்புலன்ஸ் விஷயத்தைக் கேளுங்கள். கிராமங்களில் ஊதியமின்றித் தொண்டர்களே பல ஆண்டுகளாக அதனை ஓட்டி வந்தார்கள். தொண்டர்கள் மூப்படைந்தார்கள், புதியவர் வரவில்லை. 2021-இல் அயோவா அரசு ஒரு சட்டம் செய்தது. கவுண்டிக் குழு விரும்பினால் ஆம்புலன்ஸை அத்தியாவசியப் பணி என அறிவித்து, அதற்கென வரி விதிக்கலாமா என்று மக்களையே கேட்கலாம். பதிவான வாக்குகளில் 60 விழுக்காடு சம்மதம் வேண்டும். "வரி கூடும், ஆனால் இரவில் கூப்பிட்டால் வண்டி வரும். வேண்டுமா, வேண்டாமா?" என்று வாக்காளர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வரி என்றால் முகம் சுளிப்பது மனித சுபாவம். அங்கும் அப்படித்தான். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பதினாலாயிரம் பேர் இருந்த காலத்தில், மைலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அமைத்த சரளைச் சாலைகளையும் பாலங்களையும் இன்று ஒன்பதாயிரம் பேர் பராமரிக்க வேண்டியிருக்கிறது. ஆள் குறையக் குறைய, ஒவ்வொருவர் தலையிலும் ஏறும் பங்கு கூடுகிறது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவருக்குச் சொத்து வரி பெருஞ்சுமை. வரி கூடினால் முதியவர் வருந்துவார்; வரி குறைந்தால் பள்ளியும் மருத்துவமனையும் தேய்ந்து, இளைஞர் போய்விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதே அக்குழுவினரின் கடினமான வேலை. எளிய விடை உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கை மறைக்காமல் மக்கள் முன் வைத்துக் கேட்பது ஒன்றே நேரிய வழி.

இறுதியாக, மறுபடியும் போர்லாக்கிடம் வருவோம். அவர் பயின்ற ஓரறைப் பள்ளி ஒரு செல்வந்தர் கொடுத்த தர்மமன்று. அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் சொத்து வரியால் நடத்திய பள்ளி அது. கையில் காசு அதிகம் புரளாத காலத்தில், தம் பிள்ளைக்கு மட்டுமன்றி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து அவர்கள் கொடுத்தார்கள். அந்தச் சிறு வரியின் பலனாகப் படித்த ஒரு பையன் உலகத்தின் பசியைத் தணிக்கப் புறப்பட்டான். அதன் பலன் நம் நாட்டுக் களத்துமேடுவரை வந்து சேர்ந்தது. அவன் தன் ஊரில் தங்கவில்லை என்பதும் உண்மை. 1933-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக்குப் போனவன், பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியூர்களிலேயே கழித்தான். கிராமத்தின் வெற்றியும் இழப்பும் அந்த ஒரு வாழ்க்கையிலேயே அடங்கியிருக்கின்றன. இன்று அப்பண்ணையையும் பள்ளியையும் பழுது பார்த்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! அடுத்த கூட்டத்தில் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து வைக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நம் ஊரில் மலிவாக இருப்பது எது, அந்த மலிவு எதனால் வந்தது? மக்கள் தனித்தனியே எவ்வளவு செலவிட்டாலும் பெற முடியாமல், சேர்ந்தால் மட்டும் பெறக்கூடியது எது? இருபது வயது இளைஞன் ஒருவன் இவ்வூரிலேயே தங்க நினைத்தால், அவனுக்கு வேலையும், நோய் வந்தால் மருத்துவமும், பிள்ளைக்குப் பள்ளியும் இருக்கின்றனவா? இவற்றுக்கு நேர்மையாக விடை எழுதினால், எந்தச் செலவை வெட்டலாம், எதைத் தொடலாகாது என்பது தானே விளங்கும். வீடு மலிவாக இருப்பது நன்றே. அந்த வீட்டில் விளக்கேற்ற மனிதர் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியவற்றைச் சேர்ந்து செய்வதே பஞ்சாயத்தின் கடமை.